கடைமடைக் கோதுமை

என் பேரு சித்தானா. எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊர்ல சொல்வாங்க. சொல்லட்டும். கடைமடையில நெலம் வச்சிருக்கிறவளுக்கு வாயும் இல்லேன்னா அப்புறம் என்னதான் இருக்கு?

நீல நைல் தண்ணி பெரிய வாய்க்கால்ல வந்து, அங்கேருந்து எங்க கிளை வாய்க்காலுக்குப் பிரியுது. கிளையோட தலைமடை எங்க அண்ணன் பாபிக்கரோடது. கடைமடை என்னோடது. நடுவுல பதினாலு வயல். அப்பா மௌத்தானதும் பங்கு பிரிச்சப்போ அப்படி விழுந்துச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா பதினஞ்சு பேர் குடிச்சு மிச்சம் வச்சதுதான் என் வயலுக்கு. அதுலயும் பாதி களையும் பாசியும்.

போன அக்டோபர் வாக்குல, மசூதிக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில தண்ணிக் கமிட்டி கூடுச்சு. தலைவர் எங்க அண்ணன். நோட்டு வச்சு எழுதுறவன் கடைக்கார இத்ரீஸ். அண்ணன் எந்திரிச்சு, யார் மூஞ்சியையும் பாக்காம சொன்னான்:

"வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சுக்கிட்டே வருது. அதனால இந்தப் பருவத்துல ஃபெத்தானுக்கு ஆறு மூட்டை கோதுமை தராத வயல் எதுவும் அடுத்த வருஷக் கோதுமைப் பட்டியல்ல இருக்காது. பட்டியல்ல இல்லாத வயலுக்குக் குளிர்காலத் தண்ணியும் கெடையாது."

அம்புட்டுத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. திரும்பாம என்ன செய்யும்? ஃபெத்தான்னா ஏறக்குறைய ஒரு ஏக்கரா. மூணு வருஷமா என் நாலு ஃபெத்தான்லயும் ஃபெத்தானுக்குச் சராசரி நாலு மூட்டைதான். ஒரு வருஷம் மூணு.

அண்ணன் இப்பத்தான் என்னப் பாத்தான். "உன்ன மனசுல வச்சு சொல்லல தங்கச்சி. பேசாம நெலத்த வாரத்துக்கு விட்டுட்டு என் வீட்ல வந்து நிம்மதியா உக்காரு. உன் புருஷனும் லாரி ஓட்டுறேன்னு பாதி நாள் போர்ட் சூடான் ரோட்லயே கெடக்கான். உனக்கு ஒரு வாய் சாப்பாடு போட எனக்கு வக்கில்லையா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. "உன் பொண்டாட்டி வைக்கிற முலாஹ் கொழம்புல உப்பும் இருக்காது, ஒறைப்பும் இருக்காது அண்ணே. அதச் சாப்பிடுறதுக்கு நான் என் வரப்புலயே கெடந்து செத்துப்போறேன்!"

எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்சான். நானும் கெத்தா எந்திரிச்சு வந்துட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து டீயில சக்கரைக்குப் பதிலா உப்ப அள்ளிப் போட்டுட்டேன். அந்த வயல் போச்சுன்னா நான் யாரு? இன்னாரோட தங்கச்சி, இன்னாரோட பொண்டாட்டி. அம்புட்டுதான்.

ஒரு விஷயம் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். அதுக்கு முந்தின வருஷம் வெதைக் கோதுமைய கழுதை மேல ஏத்திக்கிட்டு வர்றப்போ, என் பருத்தி வயல் ஓரத்துல மூட்டை கிழிஞ்சு கொஞ்சம் கொட்டிடுச்சு. பொறுக்கப் பொறுமையில்ல, விட்டுட்டேன். அந்த மணி, பருத்திக்கு மண்ண மேடா அணைச்சிருந்த பார் மேல மொளச்சுச்சு. ரெண்டு பாருக்கு நடுவுல பள்ளமா இருக்கிற சால்ல பருத்திக்கு விடுற தண்ணியத்தான் குடிச்சுச்சு. பிப்ரவரியில பாத்தா, ஒவ்வொரு தூரும் அஞ்சு கெளை, கதிர் என் நடுவிரல் நீளம். அம்பது எட்டு தள்ளி, பாத்தியில நின்ன என் சொந்தக் கோதுமை சோகை பிடிச்சவ மாதிரி மஞ்சளா நிக்குது. அதே வெதை, அதே கரிசல் மண்ணு, அதே கடைமடைத் தண்ணி. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். பார் மேல இருந்த பயிர் தண்ணிக்குள்ள நிக்கல.

கமிட்டி முடிஞ்ச மறுநாளே டிராக்டர்காரன் காமில்கிட்டப் போனேன்.

"நாலு ஃபெத்தானுக்கும் பார் பிடிச்சுக் குடு."

"இப்ப என்னக்கா பருத்திக்குப் பருவம்?"

"பருத்திக்கு யார் சொன்னா? கோதுமைக்கு."

அவன் என்ஜின அணைச்சுட்டு என்ன மேலயும் கீழயும் பாத்தான். "அக்கா, வெயில் எதுவும் தலைக்கேறிடுச்சா? கோதுமைன்னா தட்டையா சமன் பண்ணி, பாத்தி கட்டி, தண்ணிய நிப்பாட்டணும். என் தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தானே?"

"உன் தாத்தாவும் கடைமடையா?"

"இல்ல, நடுமடை."

"அப்ப வாய மூடிக்கிட்டு வண்டிய எடு."

சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. வெறும் வாய மெல்றவங்களுக்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிடுச்சு. இத்ரீஸ் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, நான் போறது தெரிஞ்சே சத்தமா சொல்றான்: "சித்தானா கோதுமைய அறுக்க மாட்டாளாம்பா. பருத்தி மாதிரி ஒவ்வொரு மணியா பறிப்பாளாம். கூடை வேணும்னா நம்ம கடையில சொல்லச் சொல்லு!"

"கூடை வேண்டாம் இத்ரீஸ்," நான் திரும்பிக்கூடப் பாக்கல. "மூட்டை தைக்கிற சணல் மட்டும் கொஞ்சம் கூடுதலா வாங்கிப் போடு."

வாய்தான் அப்படிப் பேசுச்சு. அன்னிக்கு ராத்திரி நாலு தரம் எந்திரிச்சு வெதைய அளந்து அளந்து பாத்தேன்.

பாரோட தலைய பலகையால தட்டையாக்கி, ஒவ்வொரு பார்லயும் மூணு வரிசை வெதச்சேன். முதல் தண்ணியிலயே கோட்டை விட்டேன். பழக்கதோஷம், வாமடைய முழுசாத் தொறந்துட்டேன். தண்ணி சால்ல நிக்காம ரெண்டு எடத்துல பாரு மேல ஏறி, வெதைய வாரிக்கிட்டுப் போயிடுச்சு. நானும் கூலிக்கு வந்த ரெண்டு பொம்பளைகளும் முழங்கால் சேத்துல நின்னு மண்ண அள்ளி அள்ளி அடைச்சோம். அந்த ரெண்டு எடத்துலயும் கடைசி வரைக்கும் சொட்டையாத்தான் கெடந்துச்சு. அதுக்கப்புறம் வாமடைய ஒரு சாண் அகலத்துக்கு மேல தொறக்கல. தண்ணி சால்ல மெதுவா நடந்து போச்சு, பாரு பக்கவாட்டுல உறிஞ்சிக்கிச்சு.

எங்க மண்ணு கரிசல். காஞ்சா கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். "மண்ணு வாய மூடுற வரைக்கும் தண்ணி விடு"ன்னு எங்காளுங்க வேதவாக்கு மாதிரி சொல்வாங்க. அதுவும் பதினாலு நாளைக்கு ஒரு தரம் வர்ற முறைத் தண்ணி; சமயத்துல பதினாறு நாள்கூட ஆகும். அடுத்தது வருமோ வராதோங்கிற பயத்துல, வந்தப்பவே ரெண்டு முறைக்கும் சேத்துக் குடிக்க வச்சிடுவாங்க. எங்க அண்ணன் மடையத் தொறந்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவான். மறுநாள் வந்து பாத்தா கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணி நிக்கும். அதப் பாத்து அவனுக்கு ஒரே பெருமை.

யூரியாவும் அப்படித்தான். காஞ்ச பாத்தியில கையால வீசிட்டு மேல தண்ணியத் தொறந்து விடுவான். தண்ணி அதத் தள்ளிக்கிட்டுப் போய் பள்ள மூலையில சேத்துடும். பள்ளத்துல பயிர் கருகருன்னு ஆள் இடுப்புக்கு நிக்கும், மேட்டுல மஞ்சளா கெடக்கும். அண்ணன் மஞ்சளப் பாத்து, "பயிருக்குப் பசி"ன்னு சொல்லி இன்னொரு மூட்டைய வீசுவான். மறுபடி தண்ணி. நான் என்ன படிச்சவளா? ஒரு நாள் அவன் வயல்ல ஒரு தூரப் பிடுங்கி மோந்து பாத்தேன். வேரெல்லாம் பழுப்பு, அழுகின முட்டை நாத்தம். என் வயல்ல பிடுங்கினா வேர் வெள்ளை வெளேர்னு நூலா வருது.

நான் அவன் போட்டதுல பாதியக்கூடப் போடல. ரெண்டு தவணையா, பாரோட விலாவுல கீறி, யூரியாவ வச்சு, மண்ணத் தள்ளி மூடி, அப்புறம் சால்ல தண்ணி விட்டேன். முதுகு ஒடிஞ்சு போச்சு, அது வேற விஷயம். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க. எங்க அண்ணன் வயல்ல அளக்காம போட்டான், அது ஆத்துக்குப் போயிடுச்சு.

பிப்ரவரியில வெயில் சட்டுன்னு ஏறுச்சு. கதிர் பால் பிடிக்கிற நேரம். அப்பப் பாத்து வாய்க்கால்ல தண்ணி பாதியாக் கொறஞ்சு போச்சு. இந்தத் தண்ணி தவறினா மணி சப்பட்டையாயிடும், ஆறு மூட்டை கனவுதான். கமிட்டி கூடி, வயலுக்கு ஒரு நாள், இந்தத் தடவை முறை கடைமடையிலேர்ந்து தொடங்கணும்னு முடிவு பண்ணுச்சு. அதச் சொன்னது எங்க அண்ணன்தான். இத்ரீஸ் மொணங்கினான். "என் தங்கச்சிங்கிறதுக்காக இல்ல, வாலுக்குத் தண்ணி போய் எத்தன நாளாச்சுன்னு பாரு"ன்னு அண்ணன் அவன் வாய அடைச்சிட்டான். அந்த விஷயத்துல எங்க அண்ணன் ஞாயஸ்தன், மறைக்க மாட்டேன்.

விடிஞ்சதும் மடைக்காரன் அப்கர் வந்து எனக்குத் தொறந்து விட்டான். உச்சி வேளைக்கெல்லாம் கடைசிச் சால் வரைக்கும் தண்ணி போய்ச் சேந்துடுச்சு.

"மூடிடு அப்கர்."

"என்னக்கா சொல்ற? உன் முறை சாயங்காலம் வரைக்கும் இருக்கு. மூடிட்டு நாளைக்கு என்கிட்ட வந்து அழக் கூடாது, ஆமா."

"என்னைக்குடா நான் உன்கிட்ட அழுதிருக்கேன்? மூடு."

மூடுன கொஞ்ச நேரத்துல அண்ணன் மோட்டார் சைக்கிள்ல வந்து எறங்கினான், பின்னாடி நோட்டோட இத்ரீஸ். "யார்ரா மடைய மூடச் சொன்னது?"ன்னு அப்கர் மேல பாய்ஞ்சான். அவன் என்னக் காட்டினான். அண்ணன் வயலப் பாத்தான். பாரோட தலையெல்லாம் சாம்பல் நெறத்துல காஞ்சு கெடக்கு.

"கடைமடைக்குத் தண்ணி ஏறலன்னு எழுதிக்கவா?"ன்னு இத்ரீஸ் பேனாவ எடுத்தான்.

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும் புள்ள," அண்ணனுக்குக் கோவத்துல கொரல் ஒடையுது. "உனக்காக ஊரோட சண்டை போட்டு முறைய வாலுக்கு மாத்தினேன். நீ பால் பிடிக்கிற பயிரப் பட்டினி போடுறியே! மண்ணு வாயக்கூட மூடலியே!"

குனிஞ்சு பாருக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் கைய விட்டேன். மேல ரெண்டு விரக்கடைதான் காஞ்ச மண்ணு. அதுக்குக் கீழ இருந்து ஒரு பிடி அள்ளி, நசுக்கி, அண்ணன் உள்ளங்கையில வச்சேன். கொழுக்கட்டை மாதிரி என் அஞ்சு விரலும் பதிஞ்சு நின்னுச்சு. ஒரு சொட்டுத் தண்ணி வடியல.

"வேரு இருக்கிற எடத்துல ஈரம் இருக்கு. மண்ணோட வாய்க்கு ஏன் ஊத்தணும்? மூட வேண்டியது இத்ரீஸ் வாயத்தான்."

அப்கர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிச்சான். அண்ணன் அந்த மண்ணக் கீழ போடாம கையிலயே வச்சுக்கிட்டு மோட்டார் சைக்கிள்கிட்ட போனான். இத்ரீஸ் எதுவும் எழுதல.

நான் மிச்சம் வச்ச அரை நாள் தண்ணி வாய்க்கால்லயே தேங்கி மட்டம் ஏறுச்சு. மேல இருக்கிறவங்களுக்கெல்லாம் நல்லாப் பாஞ்சுச்சு. கடைசியா தலைமடைக்கு முறை வந்தப்போ எங்க அண்ணன் பழைய பழக்கத்த விடல, அவனுக்கப்புறம் யாருக்கும் முறை இல்லேன்னு ஒண்ணரை நாள் தொறந்து வச்சு ரொப்பினான். நாலாம் நாள் வடக்குக் காத்து எழும்புச்சு. ஊறிக் கொழகொழத்துப் போன மண்ணுல வேருக்குப் பிடிமானம் எங்க இருக்கும்? பயிர் பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு.

சேதி கேட்டுப் போய்ப் பாத்தேன். பொய் சொல்ல மாட்டேன், முதல்ல கொஞ்ச நேரம் மனசு குளுந்துச்சு. அப்புறம் வரப்புல அண்ணி தலையில கை வச்சு உக்காந்திருக்கிறதப் பாத்ததும் எனக்கே வெக்கமாப் போச்சு. அவ பக்கத்துல போய் உக்காந்தேன்.

மறுநாள் அண்ணன் தனியா என் வயலுக்கு வந்தான். ஒரு சால்ல எறங்கி கடைசி வரைக்கும் நடந்தான், திரும்பி நடந்து வந்தான். என் பயிர்ல ஒண்ணுகூடச் சாயல. ஒரு கதிரக் கிள்ளி உள்ளங்கையில தேச்சு, ஊதி, மணிய வாயில போட்டு மென்னான்.

"யூரியா எத்தன மூட்டை?"

"நாலு ஃபெத்தானுக்கும் சேத்து நாலு."

அவன் தன்னோட நாலு ஃபெத்தானுக்குப் போட்டது ஒம்போது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தலைய ஆட்டிட்டுப் போயிட்டான். நல்லாருக்கு தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்? எனக்கு வந்த ஆத்திரத்துல அன்னிக்குப் பூரா எங்க வீட்டுக் கழுதையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

மார்ச் கடைசியில அறுப்பு மெஷின் வந்துச்சு. தலைமடையிலேர்ந்து அறுத்துக்கிட்டே வந்து, கடைசி நாள் என் வயல். ஊரே வரப்புல நின்னுச்சு. எனக்காக வந்தவங்க கொஞ்சம் பேர், வேடிக்கை பாக்க வந்தவங்கதான் அதிகம். மெஷின் எறங்கினதுலேர்ந்து நான் மூட்டையவே பாத்துக்கிட்டு நின்னேன். இருபத்தி நாலு தாண்டினா பொழச்சேன். இருபத்தி நாலும் தாண்டுச்சு, மெஷின் பாதி வயலக்கூட முடிக்கல. முப்பதுல பொம்பளைங்க சத்தமா எண்ண ஆரம்பிச்சாங்க. நாப்பதுல கூலிக்காரங்க சணல் பத்தலன்னு கத்தினாங்க. இத்ரீஸ் கடைக்கு ஆள் ஓடுச்சு! அம்பத்தி ரெண்டுல நின்னுச்சு. ஃபெத்தானுக்குப் பதிமூணு.

நான் என் மூட்டைங்களுக்கு நடுவுல நின்னேன். ராணி மாதிரி நின்னேன், அதச் சொல்றதுல எனக்கென்ன கூச்சம்? அந்த வாய்க்கால்ல எவனுக்கும் பதிமூணு வரல.

அப்பத்தான் இத்ரீஸ் நோட்ட விரிச்சுக்கிட்டுத் தொண்டையச் செருமினான். "மூட்டை சரிதான். ஆனா கமிட்டி நோட்டுல கோதுமைன்னா தட்டைப் பாத்தியில வெதக்கிறதுன்னு இருக்கு. பார்ல போட்டது பருத்தி முறை. இத எந்தக் கணக்குல எழுத? ஏதோ இந்த வருஷம் அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. இத வச்சுப் பட்டியல்ல சேத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு முறைம்பான்."

ரெண்டு மூணு பேர் "அதானே"ன்னாங்க. எனக்கு ரத்தம் சுர்ருன்னு ஏறுச்சு. வாயத் தொறந்தேன். நான் பேசுறதுக்குள்ள அண்ணன் கூட்டத்த வெலக்கிக்கிட்டு முன்னாடி வந்தான்.

"இத்ரீஸ், என் வயலுக்கு என்ன எழுதியிருக்கே? படி."

"அது எதுக்கு இப்ப..."

"படிடான்னா!"

"ஃபெத்தானுக்கு... ஏழு."

"கேட்டுக்கங்கய்யா," அண்ணன் எல்லாரையும் சுத்திப் பாத்தான். "ஏழு. நான் தலைமடை. வாய்க்கால் தண்ணியில முதல் வாய் எனக்கு. ஒம்போது மூட்டை யூரியா கொட்டினேன். இவ எல்லாரும் குடிச்ச மிச்சத்துல அரை நாளைக்குக் குடிச்சா, நாலு மூட்டை யூரியா போட்டா. பதிமூணு. அதிர்ஷ்டமாம்! நான் இவ சால்ல நடந்து பாத்திருக்கேன். உங்கள்ல எவன்டா நடந்தீங்க? எழுது இத்ரீஸ். கடைமடை, கோதுமை, பார் முறை. முதல் வரியில எழுது. அதுக்குக் கீழ என் பேர எழுது, அதே பார் முறைன்னு."

இத்ரீஸ் எழுதினான். அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் அண்ணன் நோட்டையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் கையில இருந்த தடிய தலைக்கு மேல தூக்கினான்.

எங்க பக்கத்துல கல்யாணத்தன்னிக்கு ஆம்பளைங்க சட்டையக் கழட்டி மாப்பிள்ளைக்கு முதுகக் காட்டிச் சாட்டையடி வாங்குவாங்க. அசையக் கூடாது. அடி விழுறப்போ தங்கச்சி பேரச் சொல்லித்தான் கர்ஜிப்பாங்க. யார் பேரச் சொன்னா தலை நிமிருமோ அந்தப் பேர். என் கல்யாணத்துல என் புருஷன் தய்யிப் சாட்டையச் சுத்தினப்போ, முதுகு கிழிஞ்சு ரத்தம் வர எங்க அண்ணன் என் பேரச் சொல்லிக் கத்தினான். அதுக்கப்புறம் இருபத்தி ரெண்டு வருஷமா அந்தக் கொரல நான் கேக்கல.

அந்த வெயில்ல, அம்பத்தி ரெண்டு மூட்டைக்கு முன்னாடி, நரைச்ச தாடியோட நின்னுக்கிட்டு, வாய்க்கால் முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினான்:

"நான் சித்தானாவோட அண்ணன்டா!"

பொம்பளைங்க குலவை போட்டாங்க. அப்கர் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஆடினான். ஊர்ல வாயாடின்னு பேரெடுத்த எனக்கு ஒரு வார்த்தை வரல. மேல சுத்தியிருந்த தோப் துணியோட முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு, ஒரு கோதுமை மூட்டை மேல உக்காந்து ஓன்னு அழுதேன்.